காட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு நவீனச் சிறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கு வெளியே, மரமும் வயலும் இருக்கிற இடத்தில் ஒரு சிறையைக் கட்டும்போது அந்த இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி எப்படிக் கட்டுவது? கட்டடக் கலை படிக்கிறவர்கள், சிறைச் சீர்திருத்தத்தில் அக்கறை உள்ளவர்கள், தங்கள் ஊர்ப் பக்கம் சிறை வரப்போகிறது என்று கேள்விப்பட்டவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் நார்வேயின் ஹால்டன் சிறையையும் டென்மார்க்கின் ஸ்டோர்ஸ்ட்ரோம் சிறையையும் வைத்தே பேசுகிறேன். இரண்டுமே அதிகபட்சப் பாதுகாப்புச் சிறைகள். இரண்டுமே நிலத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டப்பட்டவை.

இந்த இரண்டு சிறைகளும் எங்கே இருக்கின்றன?

ஹால்டன் சிறை நார்வேயின் தென்கிழக்கு மூலையில், சுவீடன் எல்லைக்குப் பக்கத்தில், பைனும் பிர்ச்சும் வளர்ந்த காட்டுச் சரிவில் இருக்கிறது. 2010 ஏப்ரலில் மன்னர் ஐந்தாம் ஹரால்ட் திறந்துவைத்தார். சுமார் 30 ஹெக்டேர் நிலம், அதாவது 75 ஏக்கர். ஏறக்குறைய 250 சிறைவாசிகளுக்கு இடம் உண்டு. எரிக் மோலர், எச்.எல்.எம். என்ற இரண்டு கட்டடக் கலை நிறுவனங்கள் சேர்ந்து வடிவமைத்தன.

ஹால்டன் ஊருக்கு ஏற்கெனவே வேறொரு புகழ் உண்டு. ஊருக்கு மேலே குன்றின்மீது 17ஆம் நூற்றாண்டின் ஃபிரெட்ரிக்ஸ்டன் கோட்டை நிற்கிறது. சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் 1718இல் அதை முற்றுகையிட்டபோதுதான் சுடப்பட்டு இறந்தார். எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படவேண்டும், பார்ப்பவன் அஞ்ச வேண்டும் என்று கட்டிய கோட்டை அது. அதே ஊரில் எழுந்த சிறையோ காட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

ஸ்டோர்ஸ்ட்ரோம் சிறை டென்மார்க்கின் ஃபால்ஸ்டர் தீவில், குண்ட்ஸ்லெவ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சி.எஃப். மோலர் நிறுவனம் வடிவமைத்து 2017இல் திறக்கப்பட்டது. இதற்கும் 250 பேர் கொள்ளளவு. மேடு பள்ளம் அதிகமில்லாத விவசாய நிலம். சர்க்கரைக்காக விளைவிக்கும் பீட் கிழங்கு அந்தப் பகுதியின் முக்கியப் பயிர்களில் ஒன்று. ஒன்று காடு, இன்னொன்று கழனி. ஆகவே இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்கமுடியாது, இருக்கவும் இல்லை.

ஊருக்குள்ளேயே கட்டாமல் ஏன் கிராமப்புறத்துக்குப் போகிறார்கள்?

முதல் காரணம் இடம். ஐரோப்பாவின் பழைய சிறைகள் பலவும் 19ஆம் நூற்றாண்டில் நகர ஓரங்களில் கட்டப்பட்டவை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1829இல் திறந்த சிறையைப் பார்த்து, நடுவில் ஒரு கண்காணிப்புக் கூடம், அதிலிருந்து சக்கர ஆரங்கள்போலப் பிரியும் கொட்டடி வரிசைகள் என்று கட்டினார்கள். ஆஸ்லோவில் 1851இல் வந்த சிறையும், கோபன்ஹேகனை ஒட்டிய ஆல்பர்ட்ஸ்லுண்டில் 1859இல் வந்த வ்ரிட்ஸ்லோசலில்லெ சிறையும் அந்த வழியில் வந்தவைதான். நகரம் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்துகொண்டது. பட்டறை, பள்ளி, விளையாட்டுத் திடல் என்று எதைச் சேர்க்கவும் அங்கே இடமில்லை.

இரண்டாவது காரணம் அரசியல். நகரத்தில் நிலம் விலை அதிகம், எதிர்ப்பும் அதிகம். கிராமத்தில் நிலம் மலிவு, வேலை வரும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. இதைப் பேசாமல் விட்டுவிட்டு, ‘இயற்கைச் சூழலுக்காகத்தான் போனோம்’ என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது.

சூழலுக்குப் பொருந்துவது என்றால் சிறையை யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிடுவதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சாலையோரத்தில் நான்கு வரிசை மரம் நட்டுவிட்டால் காரில் போகிறவருக்கு எதுவும் தெரியாது, வேலை முடிந்தது என்று திட்ட அறிக்கைகளும் எழுதப்படுகின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சாலையில் போகிறவர் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பது சில நொடி. பக்கத்து வீட்டுக்காரர் காலையும் மாலையும் பார்ப்பார். உள்ளே இருப்பவரோ அதே மண்ணில் வருடக்கணக்காக வாழ்கிறார். அந்த நிலத்தோடு அதிக நேரம் கழிக்கப்போவது அவர்தான். வெளியே இருப்பவருக்குச் சிறை தெரியாமல் இருந்தால் போதும் என்று ஒரு வடிவமைப்பு நின்றுவிட்டால் அது பாதி வேலை. உள்ளே இருப்பவருக்கு அந்த நிலம் தெரிகிறதா, அதன் மழையும் பனியும் வெயிலும் அவரை எட்டுகிறதா என்பதுதான் மீதிப் பாதி. ஹால்டனையும் ஸ்டோர்ஸ்ட்ரோமையும் நான் மதிப்பது இந்த மீதிப் பாதிக்காகத்தான்.

ஹால்டனில் அதை எப்படிச் செய்தார்கள்?

நிலத்தைச் சமப்படுத்திவிட்டுக் கட்டாமல், இருந்த சரிவை ஏற்றுக்கொண்டு கட்டினார்கள். வழக்கமாகச் சிறை கட்டும்போது மதிலுக்கு உட்பட்ட இடம் முழுவதையும் மொட்டையடித்துத் தட்டையாக்கிவிடுவார்கள். கண்காணிக்க வசதி. ஹால்டனில் கட்டடங்களுக்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மரங்களை முடிந்த அளவு விட்டுவைத்தார்கள். மதிலுக்குள்ளேயே பைன் மரங்கள் இருக்கின்றன, பிர்ச் இருக்கிறது, கீழே புளூபெர்ரிச் செடி இருக்கிறது. மரங்களுக்கிடையே ஓட்டப் பாதை போகிறது.

அப்புறம், தங்கும் இடம், வேலை செய்யும் இடம், பள்ளி, மருத்துவம் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் இல்லை. இது தற்செயலாக வந்ததல்ல. காலையில் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, வெளியே இறங்கி நடந்து வேலைக்குப் போகவேண்டும். மழை பெய்தால் நனையவேண்டும். பனி விழுந்தால் வழுக்காமல் பார்த்து நடக்கவேண்டும். வெளியில் இருக்கிற யாருக்கும் இது சாதாரணம். ஒரே கட்டடத்துக்குள் அறையிலிருந்து தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து கூடம் என்று வருடங்களைக் கழித்தவருக்கு இது பெரிய விஷயம். பிர்ச் இலை பழுத்து உதிர்வதைப் பார்த்து மாதத்தைச் சொல்லமுடிகிற வாழ்க்கைக்கும், சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்து மட்டுமே சொல்லமுடிகிற வாழ்க்கைக்கும் உள்ள தூரம் அதிகம்.

இப்படிக் கட்டினால் செலவு கூடத்தான் செய்யும். குழாய், மின்கம்பி, வெப்பமூட்டும் வசதி எல்லாவற்றையும் கட்டடம் கட்டடமாக இழுக்கவேண்டும். ஒவ்வொரு நடைக்கும் கண்காணிப்பு வேண்டும். வடிவமைப்பவர் இதை முன்கூட்டியே சொல்லிப் பணம் ஒதுக்கவைக்காவிட்டால், பாதி வழியில் ‘எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாம்’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

மதில் சுவர் இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. 6 மீட்டர் உயரக் கான்கிரீட் மதில். ஹால்டனுக்கு மதிலே கிடையாது என்று சமூக ஊடகங்களில் சுற்றுகிற செய்தி தவறு. மதில் இல்லாத சிறைகளும் நார்வேயில் உண்டு, ஆனால் அவை குறைந்த பாதுகாப்பு உள்ளவை. ஆஸ்லோ வளைகுடாவில் உள்ள பாஸ்டோய் தீவு அதற்கு உதாரணம்.

ஹால்டன் மதிலின் உச்சி வளைவாக முடிகிறது. முள்கம்பிச் சுருள் கிடையாது. துப்பாக்கியோடு ஆள் நிற்கும் கோபுரம் கிடையாது. பல இடங்களில் மரங்கள் அதைப் பாதி மறைக்கின்றன, சில இடங்களில் அப்படியே தெரிகிறது. அதை முழுக்க ஒளிக்க வடிவமைப்பாளர்கள் முயலவில்லை. பறிக்கப்பட்ட சுதந்திரத்தின் அடையாளம் அந்த மதில்தான், அது தெரியத்தான் வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. நான் இதை முழு மனதோடு ஏற்கிறேன். உள்ளே இருப்பவரிடம் ‘நீ சிறையில் இல்லை’ என்று கட்டடம் பொய் சொல்லக் கூடாது. மதில் ஓரிடத்தில் உறுதியாக நிற்பதால்தான், அதற்கு உட்பட்ட இடத்தில் ஜன்னலுக்குக் கம்பி தேவையில்லாமல் போகிறது. அங்கே ஜன்னல்களில் பாதுகாப்புக் கண்ணாடிதான் இருக்கிறது.

மரங்கள் இருந்தால் ஏறித் தப்பிக்க வசதியாகிவிடாதா?

மதிலை ஒட்டி மரம் இருந்தால் ஆகும். அதனால்தான் எந்த உயர் பாதுகாப்புச் சிறையிலும் மதிலின் ஓரமாக ஒரு பட்டை நிலம் வெறுமையாக விடப்படுகிறது. மரங்கள் அதற்கு உள்ளேதான். கிளை எவ்வளவு நீளும், மரம் சாய்ந்தால் எங்கே விழும் என்பதையெல்லாம் கணக்கிட்டுத்தான் எந்த மரத்தை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கிறார்கள்.

இன்னொன்று, பாதுகாப்பு என்பது கேமராவும் சுவரும் மட்டும் என்று நார்வேக்காரர்கள் எண்ணுவதில்லை. காவலர் சிறைவாசிகளோடு பேசி, சேர்ந்து காபி குடித்து, விளையாடி, யார் மனம் சரியில்லை, யாருக்குள் பகை புகைகிறது என்று தெரிந்துவைத்திருப்பது அவர்கள் முறையின் முதுகெலும்பு. ஹால்டனில் காவலர் அறைகளை வேண்டுமென்றே சின்னதாக, நெருக்கடியாகக் கட்டினார்கள். உள்ளே உட்கார்ந்திருக்க முடியாது, வெளியே வந்து ஆட்களோடு இருந்தே ஆகவேண்டும். சிறைக் காவலர் வேலைக்கு அங்கே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். படித்த காவலர் இல்லாமல் இந்தக் கட்டடத்தை மட்டும் நகல் எடுத்தால் ஆபத்து.

ஸ்டோர்ஸ்ட்ரோம் எப்படி வேறுபடுகிறது?

ஃபால்ஸ்டரில் ஒளிந்துகொள்ளக் காடு இல்லை. வயல்களுக்கு நடுவே எதைக் கட்டினாலும் தூரத்திலிருந்து தெரியும். 32,000 சதுர மீட்டர் கட்டடத்தை ஒரே பெட்டியாக வைத்தால், பெரிய கிடங்கு ஒன்று வயலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அங்கே அக்கம்பக்கத்தில் இருப்பவையோ சிற்றூர்கள், பண்ணை வீடுகள், தேவாலயங்கள். ஆகவே சி.எஃப். மோலர் சிறையையே ஒரு சிறிய ஊராக வைத்துப் பார்த்தார்கள். தெருக்கள், தெருக்கள் வந்து கூடும் சதுக்கம், சதுக்கத்தை ஒட்டிப் பொதுக் கட்டடங்கள், சற்றுத் தள்ளிக் குடியிருப்புகள். கூரைகள் ஒரே மட்டத்தில் ஓடாமல் உடைந்து உடைந்து சாய்கின்றன. சுவர்கள் நேர்கோட்டில் போகாமல் திரும்புகின்றன. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு நிறுவனமாகத் தெரியாமல் பல வீடுகளின் தொகுப்பாகத் தெரியவேண்டும் என்பது எண்ணம்.

உள்ளே, 4 முதல் 7 அறைகள் சேர்ந்து ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவான சமையலறையும் கூடமும் உண்டு. சிறைக்குள்ளேயே மளிகைக் கடை இருக்கிறது, சாமான் வாங்கி வந்து அவர்களே சமைத்துக்கொள்கிறார்கள்.

ஓர் அறையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வடிவமைப்பின் கவனம் புரியும். 12.8 சதுர மீட்டர். கட்டில், அலமாரி, சின்னக் குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, ஒட்டியே குளியலறை. சுவர் ஒரு மூலையில் வளைந்து போகிறது. கதவைத் திறந்து நிற்கும் காவலருக்கு அறை முழுவதும் ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்பதற்காக அந்த வளைவு. ஒளிந்து நிற்க முடுக்கு கிடையாது. ஆனால் உள்ளே படுத்திருப்பவருக்கு அது கண்காணிப்புக்கான வளைவாகத் தெரியாது, அறையின் வடிவமாகவே தெரியும். வானமும் வெளி நிலமும் கண்ணுக்குப் படும்படி ஜன்னல்கள் அமைந்திருக்கின்றன. பாதுகாப்பையும் மனித மரியாதையையும் ஒரே கோட்டில் தீர்த்திருக்கிறார்கள் என்பதால் இந்த ஒரு வளைவைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குச் சலிப்பதில்லை.

என்ன பொருட்களால் கட்டியிருக்கிறார்கள்?

ஹால்டனில் செங்கல், துத்தநாகம் பூசிய எஃகு, லார்ச் மரப்பலகை. கடினமான எஃகு தடுத்துவைத்தலையும், மென்மையான லார்ச் திருந்தி மீளுதலையும் குறிப்பதாக வடிவமைப்பாளர்கள் சொன்னார்கள். அந்தக் குறியீடு உள்ளே இருப்பவருக்கு எட்டுமா என்பது சந்தேகம்தான். ஆனால் லார்ச் பலகைக்கு வேறொரு குணம் உண்டு. வெயில் மழை பட்டு அது மெல்லச் சாம்பல் நிறமாகிவிடும், சுற்றியுள்ள பாறை, மரப்பட்டை நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வருடா வருடம் வண்ணம் அடிக்கத் தேவையில்லை. காட்டுக்குள் நிற்கும் கட்டடத்துக்கு இது நல்ல தேர்வு.

ஸ்டோர்ஸ்ட்ரோமில் வெளிர்நிறச் செங்கல்லோடு கான்கிரீட்டும் எஃகும் மாறி மாறி வருகின்றன. செங்கல் டென்மார்க்கின் சாதாரண வீட்டுப் பொருள்.

ஜன்னல் வழியாக வயலும் மரமும் தெரிவதால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதில் முக்கியமானது சிறையிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் நகரில் ஒரு பிரம்மாண்டமான பழைய சிறை இருந்தது. அங்கே சில அறைகளின் ஜன்னல் உள் முற்றத்தைப் பார்த்தது, சில அறைகளின் ஜன்னல் வெளியே விளைநிலத்தையும் மரங்களையும் பார்த்தது. மூர் என்ற ஆய்வாளர், எந்தப் பக்கத்து ஆட்கள் உடம்பு சரியில்லை என்று மருத்துவப் பிரிவுக்கு அதிகம் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்த அறைக்காரர்கள் 24 சதவீதம் அதிகமாகப் போயிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் இது வெளியானது. சாப்பாடு ஒன்று, காவலர் ஒன்று, விதிகள் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே இருந்தது மட்டும்தான் வேறு.

1984இல் ரோஜர் உல்ரிக் மருத்துவமனையில் இதே மாதிரி ஒன்றைக் காட்டினார். பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். மிகச் சிறிய ஆய்வுதான், 46 பேர். ஆனாலும் மருத்துவமனைக் கட்டடக் கலை அதன் பிறகு நிறைய மாறியது.

மூன்றாவது ஒன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் உள்ள ஸ்னேக் ரிவர் சிறையில், நாள் முழுக்கத் தனிமையில் அடைக்கப்பட்டவர்களுக்கு 2013 முதல் ஓர் அறையில் காடு, கடல், மேகம் என்று இயற்கைக் காட்சிகளைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். வனச் சூழலியல் அறிஞர் நளினி நட்கர்னியின் யோசனை அது. பார்க்காதவர்களோடு ஒப்பிட்டால், பார்த்தவர்களிடையே வன்முறை மீறல்கள் சுமார் கால்பங்கு குறைவாக இருந்தன. திரையில் காட்டிய காடே இவ்வளவு செய்கிறது. காட்டுக்கு நடுவில் ஒரு சிறையைக் கட்டிவிட்டு, ஜன்னலைத் தலைக்கு மேலே சின்னத் துளையாக வைப்பது எவ்வளவு பெரிய வீண்!

இரவு வெளிச்சமும் சத்தமும் ஊரைப் பாதிக்காதா?

பாதிக்கும். பகலில் கட்டடம் எவ்வளவுதான் அடங்கிக் கிடந்தாலும், இரவில் இருட்டான கிராமத்தில் சிறை விளக்குகள் பல கிலோமீட்டர் தெரியும். உயரமான கம்பத்தில் பக்கவாட்டில் அடிக்கும் விளக்குகளை வைக்காமல், தாழ்வான கம்பங்களில், ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போட்ட விளக்குகளை வைப்பதுதான் வழி. எல்லா நேரமும் முழு வெளிச்சம் தேவையா, அசைவு கண்டால் எரிந்தால் போதுமா என்பதையும் பாதுகாப்புப் பிரிவோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

ஒலிபெருக்கி, லாரிப் போக்குவரத்து, பணி மாறும் நேரத்துக் கார்கள், கழிவுநீர் எல்லாமும் இதே வகை. 250 பேர் தங்கி, அவர்களுக்கு இணையான எண்ணிக்கையில் ஊழியர் வந்து போகிற இடம் ஒரு சிற்றூரைவிடப் பெரியது. ஊரின் குழாய்களும் சாலையும் அதைத் தாங்குமா என்று மண் வெட்டும் முன்பே கணக்குப் போடவேண்டும்.

ஊர்க்காரர்களுக்கு என்ன பலன்?

வேலை என்பதுதான் வழக்கமான வாக்குறுதி. 1980, 1990களில் அமெரிக்காவின் கிராமப் பகுதிகளில் ஏராளமான சிறைகள் இந்த வாக்குறுதியோடு எழுந்தன. பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் எதிர்பார்த்த பொருளாதாரப் பலனைக் காணவில்லை. காவலர்கள் வேறு ஊர்களில் குடியிருந்து காரில் வந்து போனார்கள், சாமான்களோ மொத்த ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து வந்தன.

நார்வே முறையில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. சிறைவாசிகளுக்கான ஆசிரியர், மருத்துவர், நூலகர் ஆகியோர் சிறைத் துறை ஊழியர்கள் அல்லர். அந்த வட்டாரத்துப் பள்ளி நிர்வாகமும் நகராட்சி மருத்துவச் சேவையும் பொது நூலகமும்தான் அவர்களை அனுப்புகின்றன. வெளியே இருப்பவருக்குக் கிடைக்கிற அதே சேவை உள்ளேயும் நீளுகிறது. ஊரோடு சிறைக்கு இப்படி ஓர் உறவு இருந்தால், ஊர் மக்களும் அதை ‘அந்தப் பக்கம் இருக்கிற ஏதோ ஒன்று’ என்று ஒதுக்கிவிட முடியாது. ஓட்டுக் கூரையும் செங்கல்லும் தராத பொருத்தத்தை இது தருகிறது.

குடும்பத்தார் அவ்வளவு தூரம் எப்படி வந்து பார்ப்பார்கள்?

கிராமப்புறச் சிறையின் மிகப் பெரிய குறை இதுதான். ஸ்டோர்ஸ்ட்ரோம் கோபன்ஹேகனிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல். கைக்குழந்தையோடு, பேருந்தும் ரயிலும் மாறி, ஒரு மணி நேரம் பார்ப்பதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற மனைவிக்கு அந்த வயல்வெளியின் அழகால் என்ன பயன்? நான் பார்த்த பெரும்பாலான திட்ட விளக்கங்களில் மரங்களுக்குப் பல பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இது மாறவேண்டும். நிறுத்தம் வாசலுக்குப் பக்கத்தில் வேண்டும். காத்திருக்கும் அறையில் குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் வேண்டும். பேருந்து வந்து போகும் நேரத்தை ஒட்டிப் பார்வை நேரம் அமையவேண்டும்.

ஹால்டனில் மதிலுக்குள்ளேயே தனியாக ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள். தகுதி பெற்ற சிறைவாசி தன் மனைவி, குழந்தைகளோடு அதில் ஒரு முழு நாள் தங்கலாம். படுக்கையறை, சமையலறை, கூடம், விளையாட்டுப் பொருட்கள் எல்லாம் உண்டு. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரச் சந்திப்பைவிட இது எவ்வளவோ மேல்.

தூரம் என்ன செய்யும் என்பதற்குக் கிரீன்லாந்தைப் பார்க்கவேண்டும். முழு நேரமும் உள்ளேயே அடைத்துவைக்கும் மூடிய சிறை அப்போது அங்கே இல்லாததால், கடும் குற்றம் செய்தவர்களைக் கடல் தாண்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, டென்மார்க்கின் ஹெர்ஸ்டெட்வெஸ்டருக்கு அனுப்பிவந்தார்கள். மொழி வேறு, உணவு வேறு, பார்க்க வரவும் ஆளில்லை. 2019இல் தலைநகர் நூக்கில் புதிய சிறை திறந்த பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. பாறைச் சரிவில், மலையும் நீரும் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். தங்கள் மலையைத் தாங்களே பார்க்கமுடிகிற சிறை அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

குற்றம் செய்தவர்களுக்கு இவ்வளவு வசதி தேவையா? பாதிக்கப்பட்டவர்கள் என்ன நினைப்பார்கள்?

நியாயமான கேள்வி. ஒரு கொலையில் மகனை இழந்த தாய்க்கு, கொன்றவன் புளூபெர்ரிச் செடிகளுக்கு நடுவே நடக்கிறான் என்று கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த வேதனையைத் தவறு என்று யாரும் சொல்லமுடியாது.

நார்வே அரசின் பதில் இது: தண்டனை என்பது சுதந்திரத்தை எடுத்துக்கொள்வது. அதற்கு மேல் மோசமான அறை, கெட்ட சாப்பாடு, இருட்டு என்று கூடுதல் தண்டனையை எந்த நீதிமன்றமும் விதிக்கவில்லை. ஆகவே உள்ளே வாழ்க்கை வெளியே இருப்பதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கமுடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கவேண்டும். அங்கே சிறைவாசிகளுக்கு வாக்குரிமையும் உண்டு. மிகப் பெரும்பாலோர் ஒருநாள் விடுதலையாகி யாரோ ஒருவருக்கு அண்டை வீட்டுக்காரராக வரப்போகிறார்கள். அவர் எந்த மனநிலையில் வரவேண்டும் என்பதுதான் கேள்வி என்கிறார்கள். நானும் இந்தப் பக்கம்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவிக்கும் ஆலோசனைக்கும் பணம் ஒதுக்காத ஓர் அரசு இந்த வாதத்தை வைத்தால் அதை நான் நம்பமாட்டேன்.

செலவு எவ்வளவு? பலன் இருக்கிறதா?

ஹால்டனுக்கு ஆன செலவு சுமார் 150 கோடி நார்வே குரோனர். அதில் கலைப்படைப்புகளுக்கு மட்டும் 60 லட்சம் குரோனர் ஒதுக்கினார்கள் என்று பல பத்திரிகைகள் எழுதின.

நார்வேயில் விடுதலையானவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி தண்டிக்கப்படுகிறவர் சுமார் 20 சதவீதம் என்ற எண் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. வட ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில் இருந்து வந்த எண் அது. இதை எடுத்துக்கொண்டு ‘கட்டடம் நன்றாக இருந்தால் குற்றம் குறையும்’ என்று சொல்லிவிடக் கூடாது. அந்த எண் கணக்கிடப்பட்டது ஹால்டன் திறக்கும் முன்பு விடுதலையானவர்களை வைத்து. தவிர, போக்குவரத்துக் குற்றங்களுக்கும் அங்கே சிறைக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. நல்ல கட்டடத்துக்கு ஆதரவாகப் பேசும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்துங்கள் என்பதுதான். ஜாக்சன் ஜன்னல் ஆய்வு இதைவிட நேரடியான ஆதாரம்.

எது சரியாக வரவில்லை?

நடைமுறை. நார்வேயில் சில வருடங்களாகச் சிறைத் துறைக்கு நிதி நெருக்கடி. ஆள் குறைந்தால், நடந்து வேலைக்குப் போகிற அந்த அழகான ஏற்பாடு முதலில் அடிபடும். கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் கதவு திறக்காது. நாட்டின் பல சிறைகளில் ஆட்கள் நீண்ட நேரம் அறைக்குள்ளேயே பூட்டிவைக்கப்படுவதைக் கண்டித்து அந்நாட்டின் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2019இல் தனி அறிக்கையே கொடுத்தார். டென்மார்க்கிலும் சிறைக் காவலர் பற்றாக்குறை பல வருடங்களாகப் பேசப்படுகிறது.

வடிவமைப்பாளர் இதற்கு என்ன செய்யமுடியும் என்று கேட்கலாம். கொஞ்சம் செய்யலாம். ஆள் குறைந்த நாளிலும் வானத்தைப் பார்க்கமுடிகிற ஜன்னல், அறைக் குழுவை ஒட்டியே, காவலர் துணையில்லாமல் இறங்கமுடிகிற சின்னத் தோட்ட முற்றம், இப்படிச் சிலவற்றை ஊழியர் எண்ணிக்கையை நம்பாமல் கட்டிவைக்கலாம்.

எங்கள் பகுதியில் புதிதாக ஒன்று வடிவமைக்கிறோம். எங்கே தொடங்குவது?

வரைபடத்தில் தொடங்காதீர்கள். எல்லாப் பருவங்களிலும் அந்த நிலத்தில் நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, எந்த மரம் எத்தனை வருடம் பழையது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளின் வாசலில் நின்று, அங்கிருந்து எந்த உயரம்வரை கண்ணில் படும் என்று பாருங்கள். பிறகு மாதிரி அறை ஒன்றின் ஜன்னல் வரப்போகிற இடத்தில், கட்டிலில் படுத்தவரின் கண் மட்டத்தில் ஒரு கேமராவை வைத்து, என்ன தெரியும் என்று படம் எடுங்கள். மதிலின் உள்புறம் மட்டும்தான் தெரிகிறது என்றால் அந்தக் கட்டடத்தைத் திருப்பவேண்டும், அல்லது மதிலைத் தள்ளவேண்டும். 6 மீட்டர் மதில் பக்கத்தில் இருந்தால் வானத்தைத் தின்றுவிடும். தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் இருந்தால் அதற்கு மேலே மரத்தலைகள் தெரியும். ஹால்டன் மாதிரிச் சரிவான நிலத்தின் பெரிய லாபமே அதுதான்.

மரங்கள் வளர்ந்து 20 வருடத்தில் கேமராவை மறைத்தால்?

நிச்சயம் மறைக்கும். அப்போது பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார். வடிவமைத்தவர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். அதனால் கட்டும்போதே மரப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதி, சிறை நிர்வாகத்தின் கையெழுத்தோடு ஆவணத்தில் சேர்த்துவிடவேண்டும். எந்த மரத்தை எந்த உயரத்தில் கவாத்து செய்வது, எதை எப்போது எடுத்துவிட்டு இளங்கன்று வைப்பது, எந்தக் கேமராவுக்கு எந்தப் பார்வைக்கோடு திறந்திருக்கவேண்டும், எல்லாம் அதில் இருக்கவேண்டும். கவாத்து, நாற்று வளர்ப்பு, களையெடுப்பு ஆகியவற்றைச் சிறைவாசிகளுக்கான சம்பள வேலையாகவும் தொழிற்பயிற்சியாகவும் அதிலேயே சேர்க்கலாம். விடுதலையான பிறகு தோட்டத் தொழிலில் அது கைகொடுக்கும். இதற்கான வருடாந்திரத் தொகையைக் கட்டுமானச் செலவோடு கலக்காமல் தனித் தலைப்பில் காட்டுங்கள்.